கோட் சொல்லும் தொப்பி: முறை உடைக்கு ஆண்கள் தொப்பியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

லண்டனிலோ டொரண்டோவிலோ நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வருகிறது. அழைப்பிதழின் கீழ் மூலையில் 'மார்னிங் டிரஸ்' என்றோ 'பிளாக் டை' என்றோ பொடி எழுத்தில் ஒரு வரி. கோட்டுக்கு அளவு கொடுப்பார்கள், ஷூ வாங்குவார்கள். தொப்பியை மட்டும் கடைசி நாளில் கண்ணாடி முன்னால் நின்று, முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிடுவார்கள். தப்பு அங்கேதான் நடக்கிறது. எந்த வகைத் தொப்பி என்பதை முடிவு செய்வது கோட். அடுத்தது பொழுது: பகலா, மாலையா. அதற்குப் பிறகு தலையின் அளவும் வடிவமும். முகம் கடைசியில்தான் வரும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொப்பியும் நாடக மேடைச் சாமான்போல் தெரியும்.

சில சொற்களை முதலிலேயே பிடித்துக்கொண்டால் கடையில் பேச எளிது. தலையை மூடும் மேல்பகுதி கிரவுன். சுற்றிலும் நீண்டிருப்பது பிரிம். உள்ளே நெற்றியைத் தொடும் தோல் பட்டை ஸ்வெட்பேண்ட். இனி அதை உள்பட்டை என்று சொல்வோம். வெளியே கிரவுனின் அடியைச் சுற்றி வருவது ரிப்பன். ஆண்கள் தொப்பியில் ரிப்பனின் முடிச்சு இடது பக்கம்தான் வரும். வலது பக்கம் முடிச்சு இருந்தால் ஒன்று தொப்பியைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், அல்லது அது பெண்களுக்கான தொப்பி.

மார்னிங் டிரஸ் என்றால்

முன்பக்கம் வளைந்து பின்பக்கம் வாலாக இறங்கும் மார்னிங் கோட், வெய்ஸ்ட்கோட், கோடு போட்ட பேண்ட். இது பகல் உடை. இதற்கு உயரமான உருளைக் கிரவுன் கொண்ட டாப் ஹாட் தவிர வேறு தொப்பி கிடையாது. கருப்பா சாம்பலா என்பதுதான் கேள்வி. கருப்புக் கோட்டோடு கருப்பும் போகும், சாம்பலும் போகும். கோட், வெய்ஸ்ட்கோட், பேண்ட் மூன்றுமே சாம்பல் நிறம் என்றால் சாம்பல் தொப்பிதான் இயல்பு. சாம்பல் தொப்பி கல்யாணத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் உரியது; துக்க வீட்டுக்குக் கருப்பு மட்டுமே.

இந்த விதி இன்னும் எழுத்தில் உயிரோடு இருக்கும் இடம் இங்கிலாந்தின் ராயல் அஸ்காட் பந்தயம். அங்கே ராயல் என்க்ளோஷர் எனும் தனிப் பகுதிக்குள் போகும் ஆண்கள் கருப்பு, சாம்பல் அல்லது நேவி நிற மார்னிங் டிரஸ், வெய்ஸ்ட்கோட், டை, கருப்பு ஷூ, அதோடு கருப்பு அல்லது சாம்பல் டாப் ஹாட் அணிந்தாக வேண்டும். தொப்பியில் கலர் ரிப்பன் சுற்றுவது, இறகு செருகுவது போன்ற அலங்காரம் கூடாது. வெளிநாட்டு விருந்தினர் தங்கள் நாட்டின் முறையான தேசிய உடையில் வரலாம் என்றும் அதே விதி சொல்கிறது. பட்டு வேட்டி கட்டிப் போகிறவருக்கு டாப் ஹாட் வேண்டியதில்லை. இரண்டையும் கலக்கவும் வேண்டாம்.

டாப் ஹாட் வாங்கும்போது மூன்று வகை கண்ணில் படும். முதல் வகை பழைய பட்டுத் தொப்பி. ஷெல்லாக் என்னும் அரக்குப் பிசின் பூசி விறைப்பாக்கிய துணிக்கூட்டின் மேல், வெல்வெட்போன்ற பட்டுத் துணியான ப்ளஷ் போர்த்தியது. கருப்புக் கண்ணாடிபோல் மின்னும். அந்த ப்ளஷ் நெசவு போன நூற்றாண்டின் பிற்பாதியிலேயே நின்றுபோனதால் இன்று கிடைப்பதெல்லாம் பழையவை, புதுப்பித்தவை. அந்தக் காலத் தொப்பிகளில் பெரும்பாலானவை சிறிய அளவு. 57 செ.மீ.க்குக் குறைந்த தலைக்காரர் கொடுத்துவைத்தவர். 59க்கு மேல் போனால் விலை தாவித் தாவி ஏறும். இரண்டாவது வகை, முயல் போன்ற பிராணியின் மென்மயிரை ஃபெல்ட்டாக்கி, அதாவது நெய்யாமல் அழுத்திப் பிணைத்த துணியாக்கி, மெருகேற்றிச் செய்தது. இன்று புதிதாக வாங்க நினைப்பவர் வாங்க வேண்டியது இதைத்தான். மூன்றாவது, ஆட்டு ரோம ஃபெல்ட்டில் செய்த விழாக்கடைச் சரக்கு. இதைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்: பளபளப்பு இருக்காது, கிரவுன் புகைபோக்கிபோல் நேராக நிற்கும், பிரிம் தட்டையாக இருக்கும். நல்ல டாப் ஹாட்டின் கிரவுன் நடுவில் லேசாக ஒடுங்கி மேலே விரியும்; பிரிம் இரு பக்கமும் சுருண்டு எழுந்து, முன்னும் பின்னும் தாழும். கிரவுனின் உயரம் 12 முதல் 14 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் சர்க்கஸ் கூடாரம் நினைவுக்கு வரும்.

மாலை உடைகள்

'ஒயிட் டை' என்றால் வால் கோட், வெள்ளை வெய்ஸ்ட்கோட், வெள்ளை போ டை. இதற்குக் கருப்பு டாப் ஹாட் மட்டுமே. சாம்பல் தொப்பி பகலோடு சரி. மடக்கி வைக்கக்கூடிய ஒரு வகையும் உண்டு. உள்ளே ஸ்பிரிங் வைத்து, மேலே மங்கலான துணி போர்த்தியது. தட்டினால் தோசைக்கல்போல் தட்டையாகும். நாடக அரங்கில் இருக்கைக்கடியில் வைப்பதற்காக வந்தது. அதைச் செய்த பாரிஸ்காரரின் பெயரால் கிபுஸ் என்றும் சொல்வார்கள். இது மாலை உடைக்கு மட்டும் உரியது. மார்னிங் கோட்டோடு கிபுஸ் போடக் கூடாது. அதை மடக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் வைத்தால் மடிப்பில் துணி கிழியும். விரித்துத்தான் வைக்க வேண்டும்.

'பிளாக் டை' என்றால் டின்னர் ஜாக்கெட். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். போ டை கட்டியாயிற்று, இனி டாப் ஹாட்தானே என்று நினைக்கிறார்கள். டின்னர் ஜாக்கெட் வாலில்லாத கோட். முறையில் ஒரு படி கீழே உள்ளது. அதற்கு டாப் ஹாட் ஒரு படி அதிகம். சரியான தொப்பி கருப்பு ஹோம்பர்க். ஜாக்கெட் நள்ளிரவு நீலம் என்றால் அதே நீலத்திலும் வைக்கலாம். கோடை இரவில் கருப்பு ரிப்பன் கட்டிய போட்டர் என்னும் தட்டையான வைக்கோல் தொப்பி வைக்கும் பழக்கமும் முன்பு இருந்தது. இப்போது டின்னர் ஜாக்கெட்டுக்குத் தொப்பியே இல்லாமல் போவதும் முழுச் சரிதான். காரில் இறங்கி நேரே ஹோட்டலுக்குள் நுழையப் போகிறீர்கள் என்றால் தொப்பிச் செலவை மிச்சம் பிடிக்கலாம்.

ஹோம்பர்க்கை அடையாளம் காண்பது எளிது. கிரவுனின் உச்சியில் முன்னிருந்து பின்னாக ஒரே ஒரு பள்ளம். முன்பக்கம் கிள்ளல், அதாவது விரலால் கிள்ளியதுபோன்ற குழிவு, இருக்காது. பிரிம் சுற்றிலும் ஒரே சீராக மேல்நோக்கிச் சுருண்டு, அதன் ஓரத்தில் பட்டு ரிப்பன் வைத்துத் தைத்திருக்கும். பிரிமைக் கீழே மடக்க முடியாது. ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் ஊரில் ஓய்வெடுக்கப் போன பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர், பிற்காலத்து ஏழாம் எட்வர்ட், இதை நாகரிகமாக்கினார். பிறகு பிரிட்டிஷ் அரசியல்வாதி ஆண்டனி ஈடன் விடாமல் அணிந்ததால் லண்டன்காரர்கள் இதை 'ஆண்டனி ஈடன்' என்றே அழைத்தார்கள்.

டாப் ஹாட்டுக்கும் ஹோம்பர்க்குக்கும் உள்ள தூரத்தை அமெரிக்க அதிபர்கள் இருவர் காட்டிவிட்டார்கள். 1953இல் ஐசனோவர் பதவியேற்றபோது மார்னிங் கோட்டையும் டாப் ஹாட்டையும் விட்டுவிட்டு, குட்டைக் கருப்பு ஜாக்கெட், கோடு போட்ட பேண்ட், ஹோம்பர்க் என்று வந்தார். 1961இல் கென்னடி மார்னிங் கோட்டுக்குத் திரும்பியபோது டாப் ஹாட்டும் கூடவே திரும்பியது. கோட் மாறினால் தொப்பி மாறும். தொப்பி மட்டும் தனியாக மாறாது.

லவுஞ்ச் சூட்டுக்கு

வழக்கமான இரண்டு துண்டு, மூன்று துண்டு சூட்டுக்குத்தான் தேர்வு விரிகிறது: பவுலர், ஹோம்பர்க், ஃபெடோரா, ட்ரில்பி, வெயில் காலத்தில் பனாமாவும் போட்டரும்.

பவுலர் விறைப்பான, உருண்டைக் கிரவுன் கொண்ட ஃபெல்ட் தொப்பி. 1849இல் எட்வர்ட் கோக் என்பவர் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவிலுள்ள லாக் கடையில் ஆர்டர் கொடுக்க, பவுலர் சகோதரர்கள் செய்து கொடுத்தது. குதிரையில் போகும் காவலாட்களின் தலையைத் தாழ்ந்த கிளைகளிடமிருந்து காக்க வந்த தொப்பி இது. வங்கி அதிகாரியின் அடையாளமானது பிறகுதான். அமெரிக்காவில் இதன் பெயர் டெர்பி. கருப்பு பவுலருக்குக் கரும்சாம்பல் அல்லது நேவி சூட், கருப்பு ஷூ. பவுலரை இன்று இயல்பாகப் பார்க்கக்கூடிய இடம் மே மாதம் லண்டன் ஹைட் பார்க்கில் நடக்கும் குதிரைப்படை நினைவு அணிவகுப்பு. அதிகாரிகள் சூட்டும் பவுலருமாக, கையில் சுருட்டிய குடையோடு நடப்பார்கள். அந்தச் சூழலுக்கு வெளியே பவுலர் வைத்தால் சார்லி சாப்ளின் பேச்சு வராமல் இருக்காது. அதைத் தாங்கும் நெஞ்சு இருந்தால் வாங்குங்கள்.

ஃபெடோராவின் கிரவுனில் நடுப்பள்ளத்தோடு முன்பக்கம் இருபுறமும் கிள்ளல் இருக்கும். பிரிம் 6 முதல் 7 செ.மீ.; முன்னால் கீழே மடக்கலாம், பின்னால் எழுப்பலாம். சூட்டுக்கு முதன்முதலாக ஒரே ஒரு தொப்பி வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: கரும்சாம்பல் ஃபெடோரா, அதைவிடச் சற்றுக் கருத்த ரிப்பன், 6 செ.மீ. பிரிம். நேவி, சாம்பல் சூட் இரண்டோடும் போகும். மேலே ஓவர்கோட் போட்டாலும் நிற்கும்.

ட்ரில்பி அதன் குட்டைத் தம்பி. பிரிம் 5 செ.மீ.க்குள் அடங்கும், பின்பக்கம் சுருண்டு எழும். பழுப்பு ட்ரில்பி டுவீட் கோட்டோடு பந்தயத் திடலில் அழகு. கடைகளில் ஃபெடோரா என்ற பெயரில் விற்கப்படும் மெல்லிய பருத்தித் தொப்பிகளில் பாதி, பிரிம் ஒட்டக் குறைத்த ட்ரில்பிதான். அகன்ற தோள்கொண்ட கோட்டுக்கு மேல் அது வந்தால், பானை மேல் டம்ளரைக் கவிழ்த்ததுபோல் இருக்கும்.

நிறத்துக்கு அதிக யோசனை வேண்டாம். தொப்பி சூட்டின் நிறத்திலோ அதைவிடக் கருத்தோ இருக்கட்டும். வைக்கோல் தொப்பி மட்டும் விலக்கு. ஷூ கருப்பு என்றால் தொப்பி கருப்பு, சாம்பல், நேவி; ஷூ பழுப்பு என்றால் பழுப்பு, ஆலிவ். கருப்பு ஹோம்பர்க்கும் பழுப்பு ஷூவும் ஒரே ஆள்மேல் இருக்கக் கூடாது.

வெயில் காலத்துக்கு

பனாமா தொப்பி பனாமாவில் செய்யப்படுவது அல்ல. எக்வடோர் நாட்டில் டொக்கியா எனும் செடியின் குருத்தோலையைக் கிழித்து, கையால் பின்னுவது. மான்டெக்ரிஸ்டி ஊர்ப் பின்னல் நுணுக்கத்துக்குப் பேர் போனது. பனாமா வழியாக உலகச் சந்தைக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தப் பின்னல் கலையை 2012இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வாங்கும்போது தொப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உச்சியை உள்ளிருந்து பாருங்கள். கையால் பின்னியதில் இழைகள் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி விரியும். காகிதத்தைத் திரித்து மெஷினில் தைத்த போலியில் தையல் வரிகள் வட்டமாக ஓடும். ஓரம் வெட்டி மடித்திருக்கும். காகிதத் தொப்பி ஒரு மழையில் தொங்கிவிடும். பனாமாவுக்கு உரியது வெளிர்நிற லினன், பருத்தி சூட், பகல் விருந்து, கிரிக்கெட் மைதானம். மார்னிங் கோட்டோடும் டின்னர் ஜாக்கெட்டோடும் சேராது. இயற்கையான தந்த நிறமும் கருப்பு ரிப்பனும் எதற்கும் பொருந்தும். சென்னை வெயிலில் சூட் போட்டுத் தொப்பியும் வைக்க நேர்ந்தால் இதைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். ஃபெல்ட் தொப்பி கால் மணி நேரத்தில் நெற்றியை வேகவைத்துவிடும்.

போட்டர் தட்டை உச்சியும் தட்டைப் பிரிமும் கொண்ட விறைத்த வைக்கோல் தொப்பி. பிளேசர், ஃபிளானல் பேண்ட்டோடு ஆற்றங்கரைப் படகுப் போட்டிகளில் வைப்பது. கீழே விழுந்தால் நெளியாது, உடையும். சில போட்டர்களில் ரிப்பனைச் சுற்றி மெல்லிய கயிறும் அதன் நுனியில் ஒரு பொத்தானும் இருக்கும். அலங்காரமென்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். காற்றடிக்கும்போது இழுத்துக் கோட்டின் காலர் காஜாவில் மாட்டுவதற்கு அது.

தலையை அளப்பது

தையல்காரர் நாடா போதும். காதுக்கு ஒரு செ.மீ. மேலே, நெற்றியின் நடுவில், பின்மண்டையின் புடைப்பைத் தொட்டுச் சுற்றுங்கள். நாடா இறுகாமல், நழுவாமல் இருக்க வேண்டும். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முடி வெட்டப் போகிறீர்கள் என்றால் வெட்டிய பிறகு அளங்கள். அடர்ந்த முடி அரை அளவைத் தின்றுவிடும்.

செ.மீ. அளவு ஊருக்கு ஊர் வேறு எண்ணாகும். 57 செ.மீ. தலைக்கு பிரிட்டிஷ் அளவு 7, அமெரிக்க அளவு 7 1/8. 58க்கு 7 1/8, 7 1/4. 59க்கு 7 1/4, 7 3/8. 60க்கு 7 3/8, 7 1/2. பிரிட்டிஷ் எண் அமெரிக்க எண்ணைவிட எப்போதும் 1/8 குறைவு. இணையத்தில் வாங்குபவர்கள் இந்த எட்டில் ஒன்றில்தான் ஏமாறுகிறார்கள். எண்ணை நம்பாமல் செ.மீ. கேளுங்கள்.

அளவு சரியாக இருந்தும் தொப்பி உறுத்துகிறதென்றால் குற்றம் வடிவத்தில். மண்டை மேலிருந்து பார்த்தால் முட்டை வடிவம். சிலருக்கு அது நீளம், சிலருக்கு உருண்டை. முன்னும் பின்னும் இறுக்கி, கன்னப்பொட்டுப் பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் உங்களுடையது நீள்தலை. கன்னப்பொட்டில் இறுக்கி நெற்றியில் இடைவெளி இருந்தால் உருண்டைத் தலை. ஃபெடோரா, ஹோம்பர்க் போன்றவை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். டாப் ஹாட்டும் பவுலரும் கொடுக்காது. ஷெல்லாக் ஏறிய கூடு இரும்புச் சட்டிபோல. நெற்றியில் சிவப்புத் தழும்பு போட்டுவிடும், அரை மணியில் தலைவலி வரும். இந்த இரண்டையும் தலையில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அதனால்தான்.

பழைய தொப்பிக் கடைகளில் தலையின் வடிவத்தைக் காகிதத்தில் குத்திக் காட்டும் கன்ஃபார்மடோர் என்ற கருவி இருக்கும். ஷெல்லாக்கைச் சூட்டில் இளக்கி, அந்த வடிவத்துக்குத் தொப்பியை வளைத்து ஆறவிடுவார்கள். கடைக்குப் போக வழியில்லையென்றால் வரைபடக்காரர்கள் பயன்படுத்தும் வளையும் ரப்பர் ஸ்கேலை எடுத்து, தலையின் ஒரு பாதியைச் சுற்றி அழுத்தி, காகிதத்தில் வைத்துக் கோடு இழுங்கள், பிறகு மறுபாதி. அந்தப் படத்தை விற்பவருக்கு அனுப்பலாம். அல்லது தொப்பியின் உள்நீளத்தையும் உள்அகலத்தையும் கேட்டு வாங்கி ஒப்பிடலாம். 57 செ.மீ. சுற்றளவுள்ள சாதாரண முட்டை வடிவத்தில் நீளம் சுமார் 20, அகலம் சுமார் 16.5 செ.மீ. இருக்கும். உங்கள் தலையில் இந்த வித்தியாசம் 4 செ.மீ.யைத் தாண்டினால் விறைத்த தொப்பியை ஒரு அளவு பெரிதாக வாங்கிப் பக்கவாட்டில் திணிப்பு வையுங்கள்.

திணிப்பு என்பது உள்பட்டைக்குப் பின்னால் செருகும் மெல்லிய ஃபோம் அல்லது ஃபெல்ட் கீற்று. 1.5 மி.மீ. தடிமன் கொண்ட கீற்று முழுவட்டமும் போனால் சுற்றளவு கிட்டத்தட்ட 9 மி.மீ. குறையும், அதாவது ஏறக்குறைய ஒரு அளவு. லூசான தொப்பியை இப்படிச் சரிசெய்யலாம். இறுக்கமான தொப்பியை வீட்டில் சரிசெய்ய முடியாது. மென்ஃபெல்ட் அதிகம் போனால் அரை அளவு விரியும், அவ்வளவுதான். இரண்டு அளவுக்கு நடுவில் இருப்பவர் பெரியதை எடுப்பது புத்திசாலித்தனம்.

சரிபார்க்க ஒரு சோதனை. தொப்பியை வைத்து, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு, பாதி குனியுங்கள். விழக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். லேசான கோடு இருக்கலாம். ஆழமான பள்ளம் இருக்கக் கூடாது.

முகம், தோள், உயரம்

இப்போது கண்ணாடி முன் நிற்கலாம். முழு உயரக் கண்ணாடி வேண்டும். முகம் மட்டும் தெரியும் கண்ணாடி தொப்பி விஷயத்தில் பொய் சொல்லும். முதலில் கிரவுனின் அகலத்தைப் பாருங்கள். அது கன்ன எலும்புகளுக்கு இணையாக இருக்க வேண்டும். உள்ளே ஒடுங்கினால் முகம் பூசணிக்காயாகும். அகன்ற முகத்துக்கு அகன்ற பிரிம், நீள முகத்துக்குத் தாழ்ந்த கிரவுன். குள்ளமானவர் உயர்ந்த கிரவுன் வைத்தால் உயரம் கூடும் என்று சொல்வது பாதி உண்மைதான். பிரிமையும் கூடவே அகலமாக்கினால் காளான்போல் ஆகிவிடும். பிரிமை 6 செ.மீ.க்குள் நிறுத்துங்கள். கண்ணாடி அணிபவர் தடித்த ஃப்ரேமோடு தாழ்ந்த பிரிமைச் சேர்த்தால் முகமே மறையும்.

டாப் ஹாட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் குறைவு. கிரவுன் உயரத்தை மட்டும் அரை செ.மீ. கூட்டிக் குறைக்கலாம். நேராக வையுங்கள், அல்லது ஒரு நூல் முன்சாய்த்து. பின்மண்டைக்குத் தள்ளி வைத்தால் குடித்துவிட்டு வந்தவர் என்று நினைப்பார்கள்.

தலைப்பாகை கட்டுபவருக்கு இந்தப் பாடமே தேவையில்லை. சி. வி. ராமன் மேல்நாட்டுக் கோட்டும் டையும் அணிந்து தலைப்பாகையோடே உலக மேடைகளில் நின்றார். தொப்பிக்குள்ள விதிகள் தலைப்பாகைக்குக் கிடையாது. அறைக்குள் கழற்ற வேண்டியதும் இல்லை.

ஃபெல்ட்டைச் சோதிப்பது

முயல் மயிர், பீவர் மயிர் ஃபெல்ட் மெல்லியது, கனமில்லாதது, விரலுக்கு மெழுகுபோல் படும். ஆட்டு ரோம ஃபெல்ட் தடிப்பாக, சொரசொரப்பாக இருக்கும். மழைபட்டால் சுருங்கி உருவிழக்கும். பிரிமை லேசாக வளைத்து விடுங்கள். நல்ல ஃபெல்ட் உடனே திரும்பும். அடுத்து உள்பட்டையை வெளியே மடக்கிப் பாருங்கள். தோலாக இருக்க வேண்டும். துணிப்பட்டை வியர்வையை வெளியே ரிப்பன் வரைக்கும் கடத்தி வெள்ளைக் கறையாக்கும்.

பழைய தொப்பி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்காலத்தில் மயிரை ஃபெல்ட்டாக்கப் பாதரச உப்பு தடவினார்கள். அந்தத் தொழிலாளர்களின் நரம்புகளைக் கெடுத்தது அதுதான். மிகப் பழைய ஃபெல்ட் தொப்பியைத் தூசு பறக்கத் தட்டாதீர்கள், நீராவி காட்டாதீர்கள். அலமாரியில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்துவது நல்லது. அணிவதற்குப் புதியதை வாங்குங்கள்.

கையாள்வதும் வைப்பதும்

ஃபெடோராவைக் கிள்ளலைப் பிடித்துத் தூக்கினால் சில ஆண்டுகளில் அதே இடத்தில் ஓட்டை விழும். பனாமாவில் சில மாதங்களிலேயே வெடிக்கும். எல்லாத் தொப்பியையும் பிரிமை இரு கையாலும் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். மேசையில் வைக்கும்போது கவிழ்த்து, உச்சி கீழே இருக்கும்படி வையுங்கள். பிரிம் தரையில் பட்டால் அதன் வளைவு போய்விடும். பனாமாவை எப்போதாவது சுருட்டலாம் என்று விற்பவர் சொல்வார். காய்ந்த இழை முறியும், சுருட்டாதீர்கள்.

ஃபெல்ட்டை மயிரின் போக்கில் துலக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. கருப்புக்கு ஒரு பிரஷ், வெளிர்நிறத்துக்கு வேறு பிரஷ். பட்டுத் தொப்பிக்கு பிரஷ்ஷைவிட வெல்வெட் துணியே பாதுகாப்பு. ஃபெடோராவில் தேவையில்லாத நெளிவு விழுந்தால் கொதிக்கும் கெட்டிலுக்கு 15 செ.மீ. மேலே பத்து விநாடி காட்டி, விரலால் நீவி ஆறவிடுங்கள். டாப் ஹாட்டுக்கும் பவுலருக்கும் இதைச் செய்யக் கூடாது. ஷெல்லாக் இளகிக் கூடு கோணும். மூடிய காரின் பின்கண்ணாடி அருகே வைத்தாலும் அதே கதிதான்.

நனைந்துவிட்டால் உதறி, உள்பட்டையை வெளியே மடக்கி, அந்தப் பட்டையின்மேலேயே தொப்பியை நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். ஹேர் டிரையர் கூடாது. சூடு பட்டால் முதலில் சுருங்குவது உள்பட்டைத் தோல். தொப்பி சின்னதாகிவிட்டது என்று பலர் புலம்புவது அதனால்தான். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை பூஞ்சணம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் உள்பட்டை பச்சைப்புள்ளி பூக்கும். அட்டைப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட வையுங்கள். ஃபெல்ட்டை அரிக்கும் அந்துப் புழுவுக்கு அந்துருண்டையைத் துணியில் முடிந்து போடலாம்; தொப்பியைத் தொடாமல் இருக்க வேண்டும்.

போட்ட பிறகு

கூரைக்குக் கீழ் வந்தால் கழற்ற வேண்டும்: வீடு, உணவகம், தேவாலயம். ரயில் நிலையம், ஹோட்டல் நடைக்கூடம் போன்ற பொதுவெளியில் வைத்திருக்கலாம். தேசிய கீதத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் கழற்ற வேண்டும். கழற்றிய தொப்பியின் உட்புறம் அடுத்தவர் கண்ணில் படாதபடி உங்கள் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். மார்னிங் டிரஸ் கல்யாணங்களில் டாப் ஹாட் தலையில் இருக்கும் நேரத்தைவிடக் கையில் இருக்கும் நேரமே அதிகம். தேவாலய வாசலுக்கு வெளியே, புகைப்படத்தின்போது, அதோடு சரி.

ஒருநாள் தேவைக்கு டாப் ஹாட்டை வாடகைக்கு எடுப்பதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் கடைக்காரர் எண்ணைப் பார்த்துப் பெட்டியில் போட்டுத் தருவார். முந்தின நாளே வாங்கி வீட்டில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள், பையில் நான்கு திணிப்புக் கீற்றும் ஒரு வெல்வெட் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதோ வாடகையோ, உள்பட்டைக்குப் பின்னால் உங்கள் இனிஷியல் எழுதிய சிறு சீட்டைச் செருகிவிடுங்கள். விருந்து முடிந்து வெளியே வரும்போது மேசையில் முப்பது கருப்பு டாப் ஹாட் ஒரே மாதிரி கவிழ்ந்து கிடக்கும். முதலில் கிளம்புகிறவர் நல்லதைப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.